காப்பாளர் உறுதி செய்தார்

“கையை எடுங்க,” என்றாள்.

கறிக்கடைக்காரர் தராசுத் தட்டின் ஓரத்தில் சும்மா ஊன்றியிருந்த கையை எடுத்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் துடைத்துக்கொண்டார். எண்கள் கொஞ்சம் ஆடி நின்றன. பூஜ்யம். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, மரப்பெட்டியிலிருந்து ஐந்து கிலோ எடைக்கல்லைத் தூக்கித் தட்டின் நடுவில் வைத்தாள். ஐந்து. இடது மேல் மூலைக்கு நகர்த்தினாள். ஐந்து. வலது மேல் மூலை, ஐந்து. இடது கீழ், ஐந்து. வலது கீழ் மூலையில் ஐந்து கிலோ முப்பது கிராம் என்று காட்டியது.

“நடுவுல சரியா இருக்குல்ல மேடம்?” என்றார் கடைக்காரர். “மூணு மூலையும் சரியா இருக்கு. அந்த ஒரு மூலையில நான் வைக்கவே மாட்டேன்.”

“நீங்க எங்க வைப்பீங்கன்னு தராசுக்குத் தெரியாது. கால் ஸ்க்ரூ தேஞ்சிருக்கு. மாத்திட்டுச் சொல்லுங்க, சனிக்கிழமை வந்து பாக்குறேன்.”

நிராகரிப்புச் சீட்டை எழுதித் தட்டில் ஒட்டினாள். கடைக்காரர் வாசலைப் பார்த்து, “உங்க மேடம் வீட்டுல சோறு வேகுதா, இல்ல அதையும் நிறுத்துப் பாத்துட்டுத்தான் சாப்பிடுறாங்களா?” என்றார். வாசலில் பெட்டிக்காகக் காத்திருந்த வேன் ஓட்டுநர், “அதை ஏன் கேக்குறீங்க, நான் வண்டியில ஏறினாலே டயரைப் பாக்குறாங்க,” என்றார்.

எடையளவு அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாகத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை அவளுக்கு. வயது முப்பத்து மூன்று. சந்தையில் அவளுக்கு வைத்த பெயர் நாலுமூலை. “நாலுமூலை வருது, தட்டைத் துடைச்சு வை,” என்று இரண்டு கடைக்கு முன்னாலேயே சொல்லிக்கொள்வார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டதில்லை.

வேனுக்குள் உட்கார்ந்ததும் போனைப் பார்த்தாள். அக்கா ஒரு இணைப்பு அனுப்பியிருந்தாள். ‘இது நாலாவது. இதையாவது அழிச்சிடாதே.’

“மறுபடியும் டேட்டிங் ஆப்பா?” என்றார் ஓட்டுநர். சந்தையில் அவளை மேடம் என்பவர், கதவைச் சாத்தியதும் தங்கச்சி என்பார்.

“அண்ணே, அந்தப் பேரை எங்க வீட்டுல சொல்லிடாதீங்க. நிக்காஹ் ஆப்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணா இருக்கக் கூடாதுன்னுதான் தேடிட்டிருக்கேன்.”

“போன்ல தேடுறதுக்கு, தெரிஞ்சவங்ககிட்டச் சொல்லி வைக்கலாமே தங்கச்சி.”

“முதல் தடவை தெரிஞ்சவர்தான் கொண்டுவந்தார். வாப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம். மாப்பிள்ளைக்கு வேற ஊர்ல ஒரு பெண்டாட்டி இருந்தது அவருக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது.”

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். எட்டு வருடமாக ஓட்டுகிறார். அந்தக் கல்யாணத்துக்கு அவர் வந்திருந்தார். பதினாலு மாதம் கழித்து அவள் தானே கேட்டுக் குலா என்ற விவாகரத்தை வாங்கிப் பிரிந்து, இத்தா என்ற காத்திருப்புக் காலத்தை முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிய அன்று, வழக்கமான நேரத்துக்கு வழக்கமான இடத்தில் வேனை நிறுத்திக் காத்திருந்தவரும் அவர்தான்.

அது நடந்து மூன்று வருடமாகிறது. இப்போது அவளுக்கே மறுபடி கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று தோன்றியிருந்தது. யாரும் தள்ளிவிடவில்லை. ஒரு மழைநாளில் தேநீர் போட்டபோது இரண்டு குவளை எடுத்து வைத்துவிட்டு, இரண்டாவதை ஏன் எடுத்தோம் என்று யோசித்தாள். அவ்வளவுதான் காரணம். ஆனால் இந்த முறை கேட்டதற்கெல்லாம் உண்மை சொல்கிற இடத்திலிருந்துதான் ஆள் வர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

ஒரு ஆப் நம்பத்தக்கதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அக்கா நட்சத்திரத்தைப் பார் என்றாள். எத்தனை லட்சம் பேர் வைத்திருக்கிறார்கள் பார் என்றாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. தராசைச் சோதிக்க வேண்டுமானால் எடை தெரிந்த கல் ஒன்று வேண்டும். அவளுக்கு எடை தெரிந்த ஆண் ஒருவன்தான். முன்னாள் கணவன்.

எனவே ஒவ்வொரு ஆப்பிலும் முதலில் அவனைத் தேடினாள். ஆறடி ஒரு அங்குலம், கட்டட வரைபடம் போடுகிற வேலை, பிறந்த ஊர், பிறந்த வருடம். முதல் ஆப்பில் இருந்தான். வயதில் ஆறு குறைந்திருந்தது. திருமணம் ஆகாதவர். அழித்துவிட்டாள். இரண்டாவதில் அவன் இல்லை. ஆனால் பதிவு செய்த அரைமணி நேரத்தில் ஒருவன் ஸலாம் சொல்லி, அடுத்த வரியில் நலமா என்று கேட்டு, மூன்றாவது வரியில் முழு உயரப் படம் கேட்டான். போனில் உள்ள எல்லா எண்களையும் பார்க்க அனுமதி கொடு என்று ஆப்பும் கேட்டது. அவனையும் ஆப்பையும் ஒரே அழுத்தில் அழித்தாள்.

மூன்றாவதைச் சொன்னவள் பள்ளிவாசலில் பெண்கள் பகுதியில் பக்கத்தில் தொழும் மருந்துக்கடைக்காரி. “என் நாத்தனாருக்கு அதுலதான் அமைஞ்சது. அடையாள அட்டை இல்லாம உள்ளயே விடமாட்டான். பொண்ணுன்னா வலி ஒருத்தர் கட்டாயம். பேச்சு முழுக்க அவர் கண்ணு முன்னாலதான்.” வலி என்றால் பெண்ணின் காப்பாளர். அப்பா, இல்லையென்றால் அண்ணன் தம்பி. அந்த ஆப்பைப் பற்றி அக்காவிடம் சொன்னபோது, “அது வேண்டாம்டி, அதுல ஆளே கிடையாது,” என்று அக்கா வெடுக்கென்று சொன்னாள். வெடுக்கென்று சொன்னது மட்டும் மனதில் நின்றது.

இப்போது வேன் சிக்னலில் நின்றபோது, அக்கா அனுப்பிய நாலாவதை விட்டுவிட்டு அந்த மூன்றாவதைத் திறந்தாள். பதிவை முடிக்கும் முன் சுற்றிப் பார்க்க விட்டது. படங்கள் மங்கலாக, விவரங்கள் தெளிவாக. ஆறடி ஒரு அங்குலம் என்று போட்டாள். கட்டட வரைபடம்.

வந்தான். முகம் மங்கல். ஆனால் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை வாங்கித் தந்தவள் அவள். வயது சரியாக இருந்தது. திருமண நிலை: விவாகரத்தானவர், இருமுறை. அதற்குக் கீழே அவனே எழுதிய ஒரு வரி: ‘இரண்டிலும் தவறு என் பக்கம்.’

இரண்டு முறை படித்தாள். சிக்னல் பச்சையானது தெரியவில்லை.

“என்ன தங்கச்சி, ஆள் கிடைச்சாச்சா?”

“இல்லண்ணே. கல்லு கிடைச்சது. சரியா காட்டுது.”

அவருக்குப் புரியவில்லை. சிரித்துவைத்தார்.

*

மாலை தொழுகை முடிந்து வீட்டில் விளக்குகள் எரிந்தன. மூன்றாவது மாடி, இரண்டு அறை, நடுவில் சாப்பாட்டு மேசை. வாப்பா மேசையில் உட்கார்ந்து கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி வைத்துச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நீதிமன்றத்தில் நகல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தீர்ப்பின் நகல் வெளியே போகும்போது அசலோடு வரிவரியாகப் பார்த்து, ‘அசலுடன் ஒப்பிட்டேன், சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் அவருடைய நாற்பது வருடம். அந்தப் பழக்கம் போகவில்லை. செய்தித்தாளில் எழுத்துப்பிழைகளை இப்போதும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். உம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

அவள் தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து பதிவை ஆரம்பித்தாள். பெயர், பிறந்த தேதி. அடையாள அட்டை எண்ணைப் போட்டாள்.

‘இந்த எண்ணில் ஏற்கனவே கணக்கு உள்ளது.’

எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து மறுபடி போட்டாள். அதே வரி. கடவுச்சொல் மறந்துவிட்டதா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினாள்.

வெளியே சாப்பாட்டு மேசையில் வாப்பாவின் போன் டிங் என்றது.

அவள் எழுந்து வந்தாள். வாப்பா போனைக் கையில் எடுத்து, ஆறு இலக்க எண்ணைப் பார்த்தபடி அப்படியே இருந்தார். அவள் கை நீட்டினாள். கொடுத்தார்.

கணக்கு திறந்தது. ஏழு மாதத்துக்கு முன் போட்டது. அலுவலக அட்டைக்கு எடுத்த அவளுடைய படம். வயது சரி, உயரம் சரி, வேலை சரி. குணம் என்ற இடத்தில் ‘அமைதியானவர், நேர்மையானவர்.’ திருமண நிலை: ஆகாதவர். அதற்குப் பக்கத்தில் பச்சைக் குறி. ‘காப்பாளர் உறுதி செய்தார்.’ கீழே வாப்பாவின் பெயர்.

“உம்மா,” என்று கூப்பிட்டாள். குரல் உயரவில்லை. ஆனால் பாத்திரச் சத்தம் நின்றது.

உம்மா ஈரக் கையோடு வந்து, மேசையில் இருந்த போனையும் வாப்பாவின் முகத்தையும் பார்த்தாள். பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. “நாங்க என்ன உன்னைக் கொலையா பண்ணிட்டோம்?” என்று ஆரம்பித்தாள். “உன் அக்காதான் போட்டுக் குடுத்தா. முதல்ல விவாகரத்துன்னுதான் போட்டோம். யார் வந்தான் தெரியுமா? அறுபது வயசு, நாலு பேரப்பிள்ளை. அவனுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்க ஆள் வேணுமாம். அதுக்கப்புறம்தான் மாத்தினோம்.”

“மாத்தினீங்க.”

“பதினாலு மாசம். அதுல நாலு மாசம் அவன் ஊர்லயே இல்ல. அதெல்லாம் ஒரு கல்யாணமா? மத்ததெல்லாம் சரியாத்தானே போட்டிருக்கு?”

அதற்குள் உம்மா அக்காவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். அக்கா எடுத்த எடுப்பிலேயே, “கண்டுபிடிச்சிட்டாளா?” என்றாள்.

“ஆளே இல்லாத ஆப்னு சொன்னியே.”

“அது ஒரு கட்டம்டி. டிக் போட்டா இருக்கு, எடுத்தா இல்ல. அதுக்குப் போய் நீ நாலு மூலையும் பாக்காதே. ஞாயித்துக்கிழமை வர்றாங்க. பேசாம நல்ல புடவையா எடுத்துக் கட்டு.”

“யார் வர்றாங்க?”

உம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். வாப்பாதான் முதன்முதலாகப் பேசினார். “உள்ள போய்ப் படிம்மா. எல்லாம் அதுலயே இருக்கு.”

நின்றபடியே படித்தாள்.

வர இருந்தவர் செயற்கைப் பல் செய்கிறவர். முப்பத்தெட்டு வயது. ஆப்பின் விதிப்படி முதலில் காப்பாளரோடுதான் பேச வேண்டும் என்பதால் இரண்டு மாதமாக வாப்பாவுக்கு எழுதியிருந்தார்.

‘உங்கள் மகளின் வேலையைப் படித்தேன். நான் பல் மாவு நிறுக்கிற தராசில் ஒரு முத்திரை இருக்கிறது. அவர்கள் குத்தியதாக இருக்கலாம்.’

வாப்பா: ‘முத்திரையில் தேதியைப் பார்க்கவும். ஒரு வருடம் தாண்டியிருந்தால் செல்லாது.’

‘பார்த்தேன். தாண்டிவிட்டது. நன்றி.’

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மேலே படித்தாள்.

‘உம்மா படுக்கையில் இருந்தார்கள், அதனால் கல்யாணம் பற்றி யோசிக்கவில்லை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். யோசித்தேன். படுக்கையில் ஒரு ஆள் இருக்கிற வீட்டுக்கு வர யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது உம்மா இல்லை.’

தொழுகை பற்றி வாப்பா கேட்டிருந்தார். ‘நாலு வேளை தவறாது. விடிகாலை சுப்ஹு சில நாள் தவறும்.’ வாப்பா: ‘வேலைக் காலத்தில் எனக்கும் அப்படித்தான்.’

பிறகு அவர் ஒன்று கேட்டிருந்தார். ‘உங்கள் மகளுக்கு என்ன பிடிக்காது?’

வாப்பா மூன்று நாள் பதில் எழுதவில்லை. மற்ற எதற்கும் அவர் ஒரு மணிநேரம்கூட எடுத்துக்கொண்டதில்லை. மூன்றாம் நாள் எழுதியிருந்தார்: ‘தேநீர் ஆறினால் பிடிக்காது.’

கடைசிச் செய்தி அன்று காலையில் வந்தது. ‘ஞாயிறு அஸர் தொழுதுவிட்டு அக்கா, மச்சானோடு வருகிறேன். சூடாகவே குடித்துவிடுகிறேன்.’ வாப்பா: ‘வரவும்.’

அவள் போனை மேசையில் வைத்தாள். உம்மா அவள் முகத்தைப் படித்துவிட்டாள். “பிடிச்சிருக்கில்ல?” என்றாள், தணிந்த குரலில். “எனக்குத் தெரியும், உனக்குப் பிடிக்கும்னு. முதல்ல வரட்டும். உன்னைப் பாக்கட்டும், பேசட்டும். மனசு ஒட்டினதுக்கப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்.”

“அவனும் என்கிட்ட மெதுவாத்தான் உம்மா சொன்னான்.”

உம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் அக்கா, “இப்போ சொன்னா வரமாட்டாங்கடி,” என்றாள். இந்த முறை அதட்டல் இல்லை. “அந்த ஆளு நல்ல ஆளா இருக்கலாம். அவரோட அக்கா அப்படி இல்ல. ரெண்டு தடவை போன்ல பேசியிருக்கேன். ‘கல்யாணம் ஆகாத பொண்ணுதானே’ன்னு ரெண்டு தடவையும் கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“ஆமான்னேன். வேற என்ன சொல்ல? போனை வைக்கிறேன், அடுப்புல பால் இருக்கு.”

இணைப்பு அறுந்தது. அடுப்பில் பால் இருந்ததோ என்னவோ.

அவள் திருமண நிலை என்ற கட்டத்தைத் தொட்டாள். நாலு வகை விரிந்தது. ‘விவாகரத்தானவர்’ என்பதை அழுத்தினாள். சான்று கேட்டது. குலா பத்திரத்தின் படம் அவள் போனில் எப்போதும் இருந்தது. ஏற்றினாள். ஒரு வட்டம் சுற்றி நின்றது.

‘மாற்றத்தைக் காப்பாளர் உறுதி செய்ய வேண்டும். உறுதியானதும், உங்களோடு உரையாடலில் உள்ளவர்களுக்குத் தெரிவிக்கப்படும்.’

டிங். வாப்பாவின் போனை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் அதைத் தொடவில்லை. செய்தித்தாளை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். சிவப்புப் பென்சிலை அதன் மேல் வைத்தார்.

“நீங்க எப்படி வாப்பா இதுல உறுதி போட்டீங்க?” என்றாள். “நாப்பது வருஷம் ஒப்பிட்டுப் பாத்தவரு.”

“பாக்கல,” என்றார். “நகல் பிரிவுல இருந்தப்போ அசல் முன்னால இல்லாம ஒரு தடவைகூடக் கையெழுத்துப் போட்டதில்ல. ஜட்ஜ் ஐயாவே அவசரம்னு சொன்னப்பவும் போடல. இதுல போட்டேன். நீ வேலைக்குப் போயிருந்தே. உங்க உம்மா பக்கத்துல நின்னா. பச்சையா ஒரு பட்டன். அமுக்கிட்டேன்.”

“இப்போ அசல் முன்னால இருக்கு.”

“இருக்கு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை அமுக்கினா அவர் போயிடலாம்மா. இந்த ரெண்டு மாசத்துல எனக்கே அவரோட பேசிப் பழக்கமாயிடுச்சு.”

“எனக்கும் பிடிச்சிருக்கு வாப்பா. இப்போதான் படிச்சேன், பிடிச்சிருக்கு. அதனாலதான் சொல்றேன், அமுக்குங்க.”

உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தடுக்கவில்லை. வாப்பா கண்ணாடியை மாட்டி, போனைக் கையில் எடுத்து, திரையில் இருந்ததை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தார். பெயர். பிறந்த தேதி. உயரம். வேலை. ஒவ்வொன்றுக்கும் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். திருமண நிலை, விவாகரத்தானவர். நிமிர்ந்து பார்த்தார்.

“பச்சைதானே?”

“பச்சை.”

அழுத்தினார். உம்மா எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். மிச்சமிருந்த பாத்திரங்களை, ஏற்கனவே கழுவியதையும் சேர்த்து, முதலிலிருந்து கழுவ ஆரம்பித்தாள்.

*

மறுநாள் வியாழக்கிழமை. தானியக் கிடங்கில் மேடைத் தராசுகளுக்கான சோதனை. இருபது கிலோ கற்கள் இருபத்தைந்தை வேனிலிருந்து இறக்கக் கிடங்கில் இரண்டு பேரைத் தந்தார்கள். ஓட்டுநருக்கு முழங்கால் வலி, அவர் உட்கார்ந்திருந்தார். தராசுகள் ஆறு. ஐந்து சரி. ஒன்றின் அடியில் தானியம் புகுந்து தட்டு இறங்கவில்லை. சுத்தம் செய்தபின் அதுவும் சரியானது. ஆறுக்கும் முத்திரை குத்தினாள்.

பன்னிரண்டு மணிக்கு அக்கா அழைத்தாள். பல் செய்கிறவரின் அக்கா இவளுடைய அக்காவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்று சொல்லியிருந்தார். வேறு சிலவும் சொல்லியிருந்தார். அக்கா அவற்றைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கிடங்கின் ஓரத்தில் லுஹர் தொழுதாள். கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டாள்.

மூன்றரைக்கு வாப்பா ஒரு செய்தியை அனுப்பிவைத்தார். பல் செய்கிறவர் அவருக்கு எழுதியது. ‘விவரம் பார்த்தேன். எனக்கு யோசிக்க ஒரு வாரம் வேண்டும். முன்பு ஆகாதவர் என்று எழுதியது யார் என்பதை மட்டும் சொல்லுங்கள்.’

அதன் கீழே வாப்பாவின் பதில் இருந்தது. ‘நான்.’

நேரத்தைப் பார்த்தாள். கேள்வி மூன்று இருபதுக்கு. பதில் மூன்று இருபத்தொன்றுக்கு.

நாலரைக்குக் கற்களைத் துணியால் துடைத்து, எண்ணிச் சரிபார்த்து வேனில் ஏற்றினார்கள். இருபத்தைந்தும் இருந்தன. ஓட்டுநர், கறிக்கடைக்காரர் ஸ்க்ரூ மாற்றிவிட்டாராம் என்றார். சனிக்கிழமைதான் என்று சொன்னாள். அலுவலகத்தில் பெட்டியைப் பூட்டிச் சாவியை மாட்டிவிட்டு, ஐந்து நாற்பது பேருந்தில் வீட்டுக்குப் போனாள்.